'ஸ்கிடூ': சிரிக்க மனம் வராமல் எடுத்த சிரிப்புப் படம்

கேள்வி இது: "ஹிப்பிகளையும் எல்எஸ்டி போதையையும் கிண்டல் செய்து 1968-ல் ஓட்டோ பிரெமிங்கர் எடுத்த 'ஸ்கிடூ' ஏன் அவ்வளவு மோசமாகத் தோற்றது? பெரிய இயக்குநர், பெரிய நடிகர் பட்டாளம். இளைஞர்களைப் புரிந்துகொள்ளாத ஒரு கிழவர் எடுத்த படம் என்கிறார்கள். அதுதான் காரணமா? இன்று உட்கார்ந்து பார்க்கத் தகுமா?"

பார்க்கத் தகும். ஆனால் வயதுதான் காரணம் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். மூன்று முறை முழுதாகப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டது வேறு. பிரெமிங்கருக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனவர்களைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தோடு ஒரு சிரிப்புப் படத்தை எடுத்துவிட்டார்.

முதலில் கதை. டோனி பேங்க்ஸ் ஓய்வுபெற்ற மாஃபியா கொலையாளி. இப்போது கார் கழுவும் நிலையம் நடத்தி, மனைவி ஃப்ளோவோடும் மகள் டார்லினோடும் புறநகர் வீட்டில் கௌரவமாக வாழ்கிறான். ஜாக்கி கிளீசன் டோனியாகவும் கரோல் சானிங் ஃப்ளோவாகவும் நடித்தார்கள். 'கடவுள்' என்று மட்டுமே அறியப்படும் கும்பல் தலைவனிடமிருந்து உத்தரவு வருகிறது: சிறையில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவன் செனட் விசாரணைக் குழுவிடம் வாய்திறக்கப் போகிறான், அதற்குள் அவனை உள்ளே போய்க் கொன்றுவிடு. டோனி மறுக்கிறான். அவனுடைய நண்பன் ஹாரி பிணமாகிறான். வேறு வழியில்லாமல் டோனி கைதியாகச் சிறைக்குள் போகிறான். அவனுடைய அறையில் இருப்பவன் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்கு வந்த ஓர் இளம் மின்னணு நிபுணன், 'புரொஃபசர்'. அவனுடைய கடிதத் தாள்களிலும் உறைகளிலும் எல்எஸ்டி ஊறியிருக்கிறது. வீட்டுக்குக் கடிதம் எழுதி உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டிய டோனி, இரவு முழுவதும் வேறோர் உலகத்தில் கிடக்கிறான். விடியும்போது கொல்லும் எண்ணமே அவனிடம் இல்லை. பிறகு இருவரும் சிறையின் மொத்தச் சாப்பாட்டிலும் அந்த மருந்தைக் கலந்துவிட்டு, குப்பைத் தொட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் கொண்டு கட்டிய பலூனில் தப்பிக்கிறார்கள். வெளியே டார்லின் ஒரு ஹிப்பி இளைஞனைக் காதலிக்கிறாள். ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஹிப்பிக் கூட்டத்தை ஃப்ளோ தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிடுகிறாள். கடைசியில் எல்லோரும் போய்ச் சேருமிடம் 'கடவுள்' ஒளிந்து வாழும் உல்லாசக் கப்பல். அந்தக் கடவுளாக வருபவர் பழைய ஹாலிவுட்டின் பெரிய நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ். அவருடைய கடைசித் திரைப்படம் இதுதான்.

கதையைச் சொன்னாலே சிரிப்பு வருகிறதல்லவா? இதை யாரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். திரையில் அந்தச் சிரிப்பு வருவதில்லை. டோரன் வில்லியம் கேனன் எழுதிய திரைக்கதைக்கும் திரையில் நாம் காண்பதற்கும் நடுவில் எங்கோ அது தொலைந்திருக்கிறது.

பிரெமிங்கர் யார் என்பது இங்கே முக்கியம். 1905-ல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, வியன்னாவில் நாடகம் கற்று, அமெரிக்காவுக்கு வந்தவர். 'லாரா' (1944) அவரை நிலைநிறுத்தியது. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் துணிச்சலான காரியங்கள். 1953-ல் 'தி மூன் இஸ் புளூ' படத்தை ஹாலிவுட்டின் ஒழுக்க விதிக் குழுவின் முத்திரை இல்லாமலே வெளியிட்டார். 1955-ல் ஹெராயினுக்கு அடிமையான ஒருவனின் கதையை, போதைப்பொருள் என்ற பேச்சையே விதிகள் தடுத்திருந்த காலத்தில், ஃபிராங்க் சினாட்ராவை வைத்து எடுத்தார். அதற்கும் முத்திரை கிடைக்கவில்லை. 1960-ல், கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் வைத்து ஹாலிவுட் வேலை மறுத்திருந்த டால்ட்டன் டிரம்போதான் 'எக்ஸோடஸ்' படத்தின் எழுத்தாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த அறிவிப்பால் கறுப்புப் பட்டியலின் முதுகெலும்பு முறிந்தது. இளைஞர்களின் கலகத்தைக் கண்டு பயப்படுகிற முதியவரின் வரலாறு இப்படி இருக்காது. விதிகளை உடைத்தே வாழ்ந்தவர் அவர். தன்னைவிட 40 வயது இளைய பிள்ளைகள் விதிகளை உடைப்பதைக் கண்டதும் அவர்களில் தன்னையே கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எல்எஸ்டியை அவர் ஏதோ பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவரும் அல்ல. ஹார்வர்டிலிருந்து 1963-ல் வெளியேற்றப்பட்டு, அந்த மருந்தின் ஊர்சுற்றும் பிரசாரகராக மாறிய உளவியலாளர் டிமோத்தி லியரியோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. தானும் அதை உட்கொண்டு பார்த்தார். படத்தின் விளம்பரத் துணுக்கிலேயே லியரி தோன்றிப் பேசினார். குரூச்சோவும் எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்த வயதில் அதைச் சாப்பிட்டுப் பார்த்ததாகப் பத்திரிகையாளர் பால் கிராஸ்னர் பின்னாளில் எழுதினார். அந்த நாளில் தானே அவரோடு துணைக்கு இருந்ததாக அவர் சொல்கிறார்.

இந்த மருந்தின் காலவரிசையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1938-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் எல்எஸ்டியை முதலில் உருவாக்கினார். அது மனத்தை என்ன செய்யும் என்பது 1943 ஏப்ரலில், தற்செயலாகத் தன் உடலுக்குள் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. பல ஆண்டுகள் மனநல மருத்துவர்கள் ஆராய்ந்த பொருள் அது. கலிஃபோர்னியா மாநிலம் 1966 அக்டோபரில் அதைத் தடை செய்தது. அதை வைத்திருப்பதே குற்றம் என்று அமெரிக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது 1968 அக்டோபரில். 'ஸ்கிடூ' வெளிவந்தது அதே ஆண்டு டிசம்பரில். சட்டத்தின் மை காய்வதற்குள், மருந்தைத் தின்றதால் கொலைகாரன் நல்லவனாகிறான், சிறைக்காவலர்கள் ஆனந்தக் கூத்தாடுகிறார்கள் என்று பாரமவுண்ட் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு படம்! இதை எல்எஸ்டிக்கு எதிரான கேலி என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த மருந்தால் யாருக்கு என்ன கேடு வந்தது என்று படம் ஓரிடத்தில்கூடக் காட்டவில்லை. மனம் பேதலித்தவர்களும், தாங்க முடியாத பயத்தில் துடித்தவர்களும் அந்த நாளில் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் இங்கே இடமில்லை. இது படத்தின் பெரிய குறை என்றே கருதுகிறேன். அங்கதம் எழுதுகிறவனுக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்.

ஹிப்பிகளின் பக்கம் வாருங்கள். ஜான் ஃபிலிப் லா நடித்த, டார்லின் காதலிக்கும் ஸ்டாஷ் என்ற தலைவன் அமைதியாகப் பேசுகிறான், அன்பாக இருக்கிறான், தெளிவாகச் சிந்திக்கிறான். கூட்டத்தில் இருப்பவர்கள் உடம்பில் வண்ணம் தீட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, யாருக்கும் தீங்கு நினைக்காமல் திரிகிறார்கள். ஒருவன்கூடப் பேராசைக்காரன் இல்லை, போலி இல்லை, சோம்பேறிகூட இல்லை. கேலியெல்லாம் மற்றவர்கள் மீதுதான்: கணினி யுகத்துக்கு மாறிய மாஃபியா, பொத்தான்களால் நிறைந்த பணக்கார இளைஞனின் படுக்கையறை, தூய்மை பேசும் நகர மேயர், சிறையதிகாரி, செனட்டர், எல்லாவற்றுக்கும் முதலாகத் தொலைக்காட்சி. படம் தொடங்குவதே கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ரிமோட்டை வைத்துக்கொண்டு அலைவரிசையை மாற்றி மாற்றிச் சண்டை போடுவதில்தான். விளம்பரங்கள் வெட்டி வெட்டி வந்துபோகின்றன. நடுவில் பிரெமிங்கரின் சொந்தப் படமே ஒரு நொடி எட்டிப் பார்க்கிறது. அந்தச் சில நிமிடங்கள் கூர்மையானவை. அந்தக் கூர்மை ஹிப்பிகள் வந்ததும் மழுங்கிவிடுகிறது. அவர்கள் மீது அதைப் பாய்ச்ச இயக்குநர் விரும்பவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'ஐ லவ் யூ, ஆலிஸ் பி. டோக்லஸ்' படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் பீட்டர் செல்லர்ஸ் ஒரு லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர். கஞ்சா கலந்த கேக்கைத் தெரியாமல் தின்று, திருமண மேடையிலிருந்து ஓடி, ஹிப்பியாகிறார். கொஞ்ச நாளில் அவருடைய வீடு முழுவதும் யார் யாரோ படுத்துக் கிடக்கிறார்கள். சுதந்திரம் தேடிப் போனவருக்கு உட்கார இடமில்லை. அங்கிருந்தும் ஓடிவருகிறார். இரண்டு பக்கத்தையும் அந்தப் படம் ஒரே கண்ணால் பார்க்கிறது, அதனால் சிரிப்பு வருகிறது. 'ஸ்கிடூ' ஒரு பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு மறுபக்கத்தைக் கும்பிடுகிறது.

வயதுதான் காரணம் என்பவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. 1968 நவம்பரில், 'ஸ்கிடூ'வுக்கு ஒரு மாதம் முன்னால், 'ஹெட்' என்ற படம் வந்தது. மங்கீஸ் இசைக்குழுவை வைத்து பாப் ரஃபல்சன் இயக்கியது. அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜாக் நிக்கல்சன். எல்லோரும் இளைஞர்கள், எல்லோரும் அந்த அலைக்கு உள்ளே இருந்தவர்கள். அந்தப் படமும் படுதோல்வி. மனமயக்கத்தைத் திரையில் சிரிப்பாக மாற்றுவது எல்லா வயதினருக்கும் கடினமாகவே இருந்திருக்கிறது.

என் வாதத்தின் மையம் இனிமேல்தான் வருகிறது. பிரெமிங்கரின் பாணி எது? அகன்ற திரை, நீண்ட ஷாட், நெருக்கக் காட்சிகளில் சிக்கனம். ஒரே சட்டகத்துக்குள் வாதியையும் பிரதிவாதியையும் நிறுத்தி, யார் சரி என்று நம்மையே தீர்மானிக்க விடுவார். 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) அதனால்தான் நீதிமன்றப் படங்களில் தனித்து நிற்கிறது. கேமரா யார் பக்கமும் சாயாது. இந்த நிதானத்தை அப்படியே கொண்டுவந்து கோமாளிக் கூத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நகைச்சுவைத் துணுக்கு முடிந்த பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது. நடிகர் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பது நமக்குத் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் வெட்டு வருவதே இல்லை. நகைச்சுவையில் நேரம்தான் உயிர். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் போயிற்று. பிரெமிங்கர் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று நொடி பிந்துகிறார்.

அதோடு, அவர் கூட்டிவந்த நடிகர்கள் ஒவ்வொருவரும் தனித்தனித் தாளம் உள்ளவர்கள். கிளீசனின் நகைச்சுவை அடக்கிய கோபம் வெடிப்பதில் இருக்கிறது. சானிங் மேடையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நடித்துப் பழகியவர். மிக்கி ரூனிக்கு வேகம். குரூச்சோவுக்கு எதிராளி பேசி முடிப்பதற்குள் இடைமறிக்கும் நாக்கு. இவர்களையெல்லாம் ஒரே தாளத்துக்குள் கொண்டுவர ஒரு தேர்ந்த நகைச்சுவை இயக்குநராலேயே சிரமம். குரூச்சோவுக்கு இடைமறிக்க ஆளே கொடுக்கவில்லை. கறுத்த சாயம் பூசிய மீசையோடு கப்பல் அறையில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறார். படமும் தன் நடிப்பும் இரண்டுமே மோசம் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவரை நேசிக்கிற எவருக்கும் அந்தக் காட்சிகள் வலிக்கும். எனக்கும் வலித்தது.

இந்த நடிகர் தேர்வில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைக்காட்சி 'பேட்மேன்' தொடரில் வில்லன்களாக வந்த ஃபிராங்க் கோர்ஷின், பர்ஜஸ் மெரிடித், சீசர் ரொமேரோ மூவரும் இதில் இருக்கிறார்கள். அதே தொடரில் 1966-ல் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லனாக நடித்தவர் பிரெமிங்கரே. பழைய கேங்ஸ்டர் படங்களின் ஜார்ஜ் ராஃப்ட் கப்பல் கேப்டன். பேஷன் உலகிலிருந்து டோனியேல் லூனா. 'வோக்' இதழின் பிரிட்டிஷ் பதிப்பு அட்டையில் 1966-ல் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். கடவுளின் கப்பலாக வருவதோ கௌபாய் படங்களின் நாயகன் ஜான் வேயினின் சொந்தக் கப்பலான 'வைல்ட் கூஸ்'. வியட்நாம் போரை ஆதரித்து அதே ஆண்டு படம் எடுத்தவருடைய கப்பலில் ஹிப்பிகள் ஏறிக் குதிக்கிறார்கள். இந்தத் தகவலைப் படத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் கடைசிக் காட்சிக்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது.

காலமும் கை கொடுக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஹிப்பிகளின் மையமாக இருந்த ஹெய்ட்-ஆஷ்பரி வட்டாரத்து இளைஞர்கள் 1967 அக்டோபரிலேயே 'ஹிப்பி இறந்துவிட்டான்' என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போய்விட்டார்கள். 1968 ஜனவரியிலிருந்து தொலைக்காட்சியில் 'லாஃப்-இன்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி வாரந்தோறும் ஹிப்பி வேடிக்கைகளை இலவசமாக, பல மடங்கு வேகத்தில் காட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், ஜூனில் ராபர்ட் கென்னடி. ஆகஸ்டில் சிகாகோ தெருக்களில் போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இத்தனைக்கும் பிறகு டிசம்பரில், எல்லோரும் ஒரே மருந்தைக் குடித்துக் கட்டித் தழுவிக்கொள்ளும் படத்தை எந்த மனநிலையில் பார்ப்பார்கள்? பெரியவர்களுக்கு அது அருவருப்பு, இளையவர்களுக்கு அது பழசு. தலைப்பே பழசுதான். 'ஸ்கிடூ' என்றால் 'கிளம்பு, இடத்தைக் காலி செய்' என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் பேசிய தெருச்சொல் அது. ஏழு மாதம் கழித்து, மோட்டார் சைக்கிளில் ஊர்சுற்றும் இளைஞர்களைப் பற்றி மிகச் சிறிய செலவில் எடுத்த 'ஈஸி ரைடர்' வந்து வசூலை அள்ளியது. நிறுவனங்கள் அதன் பிறகு வேறு திசையில் ஓடின.

இனி, ஏன் பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் டோனியின் போதை இரவு. அந்தக் காட்சியில் கிளீசன் கேலிக்காக நடிக்கவில்லை. பருத்த உடம்போடு சிறைக் கட்டிலில் புரண்டு, பயந்து, பிறகு குழந்தைபோல் வியந்து, தான் கொன்றவர்களையும் மகளையும் நினைக்கிறான். புரொஃபசராக நடித்த ஆஸ்டின் பெண்டல்ட்டன் தாய்போல் பக்கத்தில் இருந்து தேற்றுகிறான். சுழலும் திருகாணியின் உச்சியில் குரூச்சோவின் தலை வரும் பிரசித்தி பெற்ற காட்சி இங்கேதான். காட்சி வித்தைகள் இன்று பழசாகத் தெரியும். அந்த முகம் பழசாகவில்லை.

அந்தக் கனவில் டோனியை வாட்டுவது, டார்லின் தன் மகள்தானா என்ற சந்தேகம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிரெமிங்கரின் சொந்த வாழ்க்கை நினைவுக்கு வரும். நடனக்காரி ஜிப்சி ரோஸ் லீக்கும் அவருக்கும் 1944-ல் பிறந்த மகன் எரிக், தன் தகப்பன் யார் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தான். அறுபதுகளின் நடுவில் தந்தையும் மகனும் சந்தித்தார்கள். மகன் அவருடைய நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் உலகத்துக்கு அந்த உறவு 1971 வரை தெரியாது. 'ஸ்கிடூ' எடுத்த நாளில் பிரெமிங்கர் ஒரு ரகசியத் தகப்பன். ஹிப்பிப் பிள்ளைகளை அவர் கேமரா அவ்வளவு வாஞ்சையோடு பார்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, பாடகர் ஹாரி நில்சனின் இசை. அவருடைய பெயர் உலகம் முழுவதும் தெரிவதற்குச் சற்று முன்னால் செய்த வேலை இது. சிறையில் எல்லோரும் மயங்கிக் கிடக்கும்போது, கோபுரத்துக் காவலர்கள் இருவர் கண்ணுக்குக் குப்பைத் தொட்டிகள் நடனமாடுகின்றன. அந்தக் காவலர்களில் ஒருவர் நில்சனே. மற்றவர் ஃபிரெட் கிளார்க், படம் வெளிவரும் சில நாட்களுக்கு முன் காலமானவர். குப்பைத் தொட்டிகளுக்கு நில்சன் எழுதிய பாட்டு உண்மையிலேயே அழகானது. அந்தச் சில நிமிடங்களில் மட்டும் படம் தான் ஆசைப்பட்டதாகவே ஆகிவிடுகிறது.

தோல்விக்குப் பிறகு படம் ஏறக்குறைய மறைந்தே போனது. பல்லாண்டுகள் வீடியோவில் முறையாக வெளிவரவில்லை. கள்ளப் பிரதிகளில் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் புராணம்போல் பேசினார்கள். 2008-ல் அமெரிக்காவின் பழைய படங்களுக்கான தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று ஒளிபரப்பியது. 2011-ல் டிவிடி வந்தது. பிரெமிங்கர் 1979 வரை படம் எடுத்தார், 1986-ல் மறைந்தார். பழைய உயரத்தை அவர் மறுபடி தொடவில்லை.

முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், தொடக்கத்து ரிமோட் சண்டை, சிறையின் போதை இரவு, குப்பைத் தொட்டி நடனம் மூன்றையும் பாருங்கள். முழுதாகப் பார்க்கிறவர்கள் முடிந்ததும் எழுந்துவிட வேண்டாம். கடவுளும் புரொஃபசரும் காவி உடையில் ஒரு சின்னப் பாய்மரப் படகில் கடலுக்குள் போன பிறகு பிரெமிங்கரின் கனத்த ஜெர்மானிய உச்சரிப்புக் குரல், போகாதீர்கள் என்று நிறுத்துகிறது. நடிகர், ஒளிப்பதிவாளர், உதவியாளர் என்று பெயர்ப் பட்டியல் முழுவதையும் நில்சன் பாட்டாகப் பாடுகிறார். ஒரு தொழிலாளியின் பெயரையும் அவர் விடவில்லை. காப்புரிமை வரியைக்கூட, ரோமன் எண்களில் எழுதிய ஆண்டோடு சேர்த்து, எழுத்தெழுத்தாகப் பாடி முடிக்கிறார்.